குண்டு வத்தல் காயும் களம்: காரைக்குடி முதல் இளையான்குடி வரை

காரைக்குடியில் கல்யாணச் சமையலுக்குச் சாமான் கட்டிக் கொடுக்கும் மளிகைக் கடையில் அரை மணி நேரம் நின்றால் போதும், பாதி உலகத்தைப் பார்த்துவிடலாம். பட்டை இலங்கையிலிருந்து வருகிறது. அன்னாசிப்பூ சீனா, வியட்நாம் மலைகளில் நிற்கும் மரத்தின் காய். கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் பூர்வீகம் இந்தோனேசியாவின் மொலுக்கா தீவுகள். கல்பாசி மலைக்காட்டு மரப்பட்டையில் படர்வது. ஏலக்காயும் மிளகும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்குகின்றன. மஞ்சள் ஈரோட்டுச் சரக்கு. சீரகமும் சோம்பும் குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளைந்தவை.

சென்னையிலும் சிங்கப்பூரிலும் 'செட்டிநாடு' என்று பலகை மாட்டிய உணவகங்கள் எத்தனையோ. அந்தச் சமையலின் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, 'இது எங்கள் மாவட்டத்து மானாவாரியில் விளைந்தது' என்று காட்டச் சொன்னால், கைக்கு வருவது பெரும்பாலும் இரண்டுதான். மிளகாய் வத்தல், கொத்தமல்லி. மற்றதெல்லாம் வாங்கி வந்தது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து தொழில் செய்தவர்கள். வறண்ட செம்மண்ணை நம்பி அந்த வீடுகள் எழவில்லை, சமையலும் அப்படியே. மிளகாயே ஒரு காலத்தில் வெளியூர்ச் சரக்குதான். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்து சுமார் 500 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன் இங்கே காரம் என்றால் மிளகு. வந்தவற்றில் மண்ணோடு ஒட்டிக்கொண்டது மிளகாய் மட்டும்.

மிளகு வருமா, ஏலம் வருமா?

நறுமணப் பயிர் என்றாலே சிறு விவசாயிகள் முதலில் கேட்பது இதைத்தான். கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும் ஏலக்காயை இங்கே வைத்தால் என்ன? சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரியாக 900 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. அதிலும் அதிகம் கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில்தான். ஏலத்துக்கு மலைக்காட்டின் குளிர்ச்சியும் நிழலும் ஆண்டு முழுக்க ஈரமும் வேண்டும். இந்த மண்ணில் அதற்கு வழியில்லை. இணையத்தில் படம் காட்டி ஏலக்காய் நாற்று விற்பவர்களிடம் பணம் கொடுப்பதற்கு முன் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

மிளகு விஷயம் வேறு. காரைக்குடிக்கு வடகிழக்கே, புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் சமவெளியிலேயே மிளகு காய்க்கிறது. தென்னையிலும் மற்ற மரங்களிலும் கொடியை ஏற்றி, நிழலைக் கட்டி, சருகு மூடாக்குப் போட்டு வளர்க்கிறார்கள். மலையில்தான் மிளகு என்ற எண்ணத்தை அந்த விவசாயிகள் உடைத்தது உண்மை. ஆனால் அங்கே ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மரங்கள் ஏற்கெனவே நின்றன. கொடி வைத்துப் பலன் பார்க்க மூன்று, நான்கு வருடம் பொறுக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அந்த வட்டாரத் தென்னைகளைச் சாய்த்தபோது, மரத்தை நம்பிய எல்லாமே அதோடு சாய்ந்தன என்பதையும் மறக்கக் கூடாது. கிணறும் தோப்பும் உள்ளவர்கள் பத்துக் கொடி வைத்துப் பார்க்கலாம். வானம் பார்த்த இரண்டு ஏக்கரை மட்டும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு மிளகு வழி காட்டாது.

காரைக்குடியிலிருந்து வடக்கே செட்டிநாடு ரயில் நிலையம் பக்கம் போனால் இந்த மண்ணின் குணம் தெரியும். சரளை கலந்த செம்மண், தைல மரக் காடு, நடுநடுவே முந்திரி. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று புல் முளைத்துக் கிடக்கிறது. அரசு கால்நடைப் பண்ணை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம், வேளாண் கல்லூரி எல்லாம் இந்தப் பக்கம்தான். குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. எந்தப் பயிரானாலும் விதை வாங்கும் முன் மண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கேட்டுக்கொள்ள ஆள் இல்லாத ஊர் அல்ல இது.

செம்மண் முடிந்து கரிசல் தொடங்கும் இடம்

காளையார்கோவிலைத் தாண்டித் தெற்கே இறங்க இறங்க நிறம் மாறுகிறது. தைல மரம் குறைந்து சீமைக் கருவேலம் கூடுகிறது. சாலையோரம் கரிமூட்டப் புகை. மண் கறுத்து, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. இளையான்குடி, சாலைக்கிராமம் வட்டாரம் இப்படித்தான் வரவேற்கும். மாசி, பங்குனியில் வந்தால் மட்டும் வேறு காட்சி: காலி மனை, கண்மாய்க் கரை, மேட்டு நிலம் என்று பார்க்கும் இடமெல்லாம் சிவப்பு விரிப்பு. குண்டு மிளகாய் காய்கிறது.

இந்த இளையான்குடிதான் மாறநாயனார் ஊர். மழை இரவில் வந்த அடியாருக்குச் சோறிட வீட்டில் அரிசி இல்லாமல், பகலில் விதைத்த நெல்லையே வயலிலிருந்து வாரிக்கொண்டு வந்தவர் என்று பெரியபுராணம் சொல்லும் அதே நாயனார். பக்திக் கதைதான். ஆனாலும் விதைத்த அன்றே விதையை எடுக்க வேண்டி வந்த வீட்டின் வறுமையை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இப்போது அதே அவசரம் வேறு உருவத்தில் வருகிறது. சரியாகக் காயாத வத்தலை அப்படியே மூட்டை கட்டி மண்டிக்கு அனுப்புவது.

பயிரின் கணக்கு எளிமையானது. புரட்டாசியில் புழுதியில் விதைப்பு. பலர் மிளகாயோடு கொத்தமல்லியையோ சின்ன வெங்காயத்தையோ கலந்து போடுவார்கள். ஒன்று போனாலும் ஒன்று கைகொடுக்கும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைத்தால் நாற்றழுகல் குறையும். வடகிழக்குப் பருவமழையில் செடி எழும். மார்கழியில் பூ, தை, மாசியில் பழம், சித்திரை வரை ஐந்தாறு பறிப்பு. மழை நின்ற பிறகு கரிசலின் அடி ஈரமும் மார்கழிப் பனியும்தான் செடியைக் காப்பாற்றும். தோல் தடித்து, உருண்டையாக, பளபளப்பாக வரும் இந்தக் காய்க்கு முண்டு வத்தல் என்றும் பெயர். எண்ணெயில் போட்டால் முழுசாகப் பொரிந்து வரும். குழம்புத் தாளிப்புக்கு நீள வத்தலைவிட இதைத்தான் கேட்டு வாங்குவார்கள்.

விளைவிப்பதில் இந்த விவசாயிகளுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பணம் கசிவது பறித்த பிறகு.

ஒரு குடும்பத்தின் கணக்கு

பச்சைப் பழம் 100 கிலோ பறித்தால் காய்ந்து கிடைப்பது 25 முதல் 30 கிலோ வத்தல். பறிப்பதற்கு ஆள் கூலிதான் மிகப் பெரிய செலவு. பெரும்பாலும் பெண்கள், குனிந்த முதுகோடு, உச்சி வெயில் ஏறும் வரை. வீட்டு ஆட்கள் பறித்தால் அந்தக் கூலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 'வீட்டு வேலைதானே' என்று விட்டுவிடுவதால்தான், கையில் நின்றது லாபமா, மனைவியின் கூலியா என்பதே தெரியாமல் போகிறது.

ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஏக்கர் மானாவாரியில் ஒரு குடும்பத்துக்கு 800 கிலோ வத்தல் கிடைக்கிறது. விலை கிலோ 150 ரூபாய். எல்லாம் முதல் தரமாக இருந்தால் 1,20,000 ரூபாய். ஆனால் மண் தரையில் காயப்போட்டு, இரவுப் பனியில் விட்டு, இடையில் ஒரு தூறலும் விழுந்ததில் 120 கிலோ வெளுத்துப் போகிறது. வெளுத்த வத்தல் 50 ரூபாய்க்குத்தான் போகும். இப்போது 680 கிலோவுக்கு 1,02,000, மீதிக்கு 6,000. மொத்தம் 1,08,000. காய வைத்த விதத்திலேயே 12,000 ரூபாய் போயிற்று. மண்டியில் 25 கிலோ மூட்டைக்கு ஒரு கிலோ 'கழிவு' என்று பிடித்தால் 32 மூட்டைக்கு 32 கிலோ. அது ஒரு 4,000 ரூபாய்க்கு மேல். தரகு, வண்டி வாடகை தனி. உரத்தில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கக் கடை கடையாக ஏறி இறங்கும் அதே குடும்பம்தான் இந்தப் பதினாறாயிரத்தைப் பார்க்காமல் விடுகிறது.

மண்டிப் பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் போகும்.

"என்னண்ணே, இந்தத் தடவை விலையை இப்படிக் குறைச்சுட்டீங்க?"

"சரக்கை அள்ளிப் பாருப்பா. கையில ஒட்டுது. நான் மறுபடி காயப்போட்டாத்தான் வாங்குறவன் எடுப்பான்."

அவர் சொல்வது பாதி உண்மை, பாதி பேரம். எது பாதி என்று தெரிந்துகொள்ள விவசாயியிடம் அளவு இல்லை. வத்தலில் ஈரம் 10, 11 சதவிகிதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். கருவி இல்லாதவர்கள் காதை நம்பலாம். உலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று ஓடும். அழுத்தினால் வளையாமல் உடையும்.

அதற்கு வழி ஒன்றும் ரகசியமில்லை. பறித்த பழத்தை நேராக வெயிலில் கொட்டாமல் ஒன்றிரண்டு நாள் நிழலில் குவித்து வைத்தால் அரைப்பழமும் ஒரே சிவப்பாகும். பிறகு சிமென்ட் களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லிசாகப் பரப்பி, பகலில் இரண்டு மூன்று தடவை புரட்டி, பொழுது சாயும்போது குவித்து மூட வேண்டும். விடிந்தபின் பனி விலகியதும் மறுபடி பரப்ப வேண்டும். பத்துப் பதினைந்து நாள் இதே வேலை. நோய் விழுந்த பழத்தைக் களத்துக்கு வரும் முன்பே கழித்துவிட வேண்டும். ஒரு கூடை அழுகல் ஒரு களத்தையே கெடுக்கும். நாலைந்து வீடு சேர்ந்தால் ஒரு சூரிய உலர்த்திக்கு மானியம் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பருவம் தவறிப் பெய்த மழை தென் மாவட்டங்களில் நெல்லையும் மிளகாயையும் பதம் பார்த்தது. இனி தை மாதம் வெயில் மாதம் என்று நம்பிக் களம் விரிக்க முடியாது.

சில இடங்களில் எடையும் நிறமும் கூட வத்தலின் மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் உண்டு. வியாபாரியும் செய்கிறார், விவசாயியும் செய்கிறார். அன்றைக்கு மூட்டைக்கு ஒரு கிலோ கூடும். ஈரம் பட்ட வத்தலில் பூஞ்சணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும்; கல்லீரலைக் கெடுப்பது. ஐரோப்பிய நாடுகள் ஒரு கிலோ மிளகாயில் இந்த நச்சு மொத்தம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் எடுப்பதில்லை. அதில் பி1 என்ற வகை மட்டும் 5-ஐத் தாண்டக் கூடாது. ஒரு கிராமை லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் 10 மைக்ரோகிராம். கப்பல் திரும்பினால் அந்த நஷ்டத்தை ஏற்றுமதியாளர் தன் பையிலிருந்து கட்ட மாட்டார், அடுத்த வருட மண்டி விலையில் பிடித்துக்கொள்வார். அதே பொடி உள்ளூர்க் குழந்தைகளின் தட்டிலும் விழுகிறது என்பதை ஏற்றுமதிப் பேச்சில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பூங்காவும் கிடங்கும்

மதுரையிலிருந்து சிவகங்கை வரும் சாலையில் முத்துப்பட்டியில் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் பூங்கா இருக்கிறது. பூச்செடிப் பூங்கா அல்ல. 70 ஏக்கருக்கு மேல் பரப்பில், மிளகாயும் மஞ்சளும் சுத்தம் செய்து, தரம் பிரித்து, அரைத்து ஏற்றுமதி செய்யும் தொழிற்கூடங்களுக்காக அமைத்தது. ஆந்திராவில் குண்டூர், கேரளாவில் புத்தடி, ராஜஸ்தானில் ஜோத்பூர் என்று நாட்டில் சில இடங்களில்தான் இப்படி உண்டு, தமிழ்நாட்டில் இது. திறந்த பிறகும் தொழிற்கூடங்கள் வரத் தாமதமானது பலமுறை செய்தியாக வந்திருக்கிறது. கட்டடம் எழுப்பினால் போதாது. உள்ளே போகும் சரக்கு ஒரே தரத்தில், லாரி லாரியாக வேண்டும். நாலு மூட்டை வைத்திருக்கும் ஒருவர் தனியாக அந்த வாசலில் நிற்க முடியாது. நூறு பேர் சேர்ந்து ஒரே தரத்தில் காயவைத்து, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரில் பேசினால்தான் எதிரில் இருப்பவர் நாற்காலி போடுவார்.

காத்திருப்பது இரண்டாவது விஷயம். எல்லார் வத்தலும் மாசி, பங்குனியில் ஒரே நேரத்தில் சந்தைக்கு வருகிறது, விலை இறங்குகிறது. விற்காமல் வைக்கலாமே என்றால், மண்டியில் வாங்கிய முன்பணம் குறுக்கே நிற்கிறது. முன்பணம் வாங்கிய இடத்தில்தான் சரக்கு போட வேண்டும் என்பது எழுதாத சட்டம். இந்தக் கட்டை அவிழ்க்காமல் வேறு எதைப் பேசினாலும் பயனில்லை. விதைப்புச் செலவுக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ கிசான் கடன் அட்டையிலோ வாங்கியவருக்குத்தான் மண்டியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மிஞ்சுகிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்பவரிடம் தரகு பிடிப்பதில்லை. கட்டணம் வாங்கும் வியாபாரிக்குத்தான். அங்கேயே சரக்கை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் ஒரு பகுதியைப் பொருளீட்டுக் கடனாக வாங்கிக்கொண்டு, விலை ஏறும்வரை பொறுக்கலாம். பரமக்குடி, ராமநாதபுரம் சாலையில் எட்டிவயலில் மிளகாய்க்கென்றே வணிக வளாகமும் குளிர்பதனக் கிடங்கும் இருக்கின்றன. இளையான்குடிக்காரர்களுக்கு அது தூரமில்லை.

ஆனால் காத்திருந்தால் விலை ஏறியே தீரும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மிளகாய்க்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. குண்டூரில் என்ன நடக்கிறதோ அதன் நிழல் இங்கே விழும். 2021-22-ல் ஆந்திரா, தெலங்கானாவில் புதுவகை இலைப்பேன் மிளகாயை அழித்தது. 2025 பிப்ரவரியில் அங்கே விலை விழுந்து, சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் மத்திய அரசு குவிண்டாலுக்கு 11,781 ரூபாய் என்று விலை குறிக்க வேண்டி வந்தது. அதனால் முழுச் சரக்கையும் கிடங்கில் வைத்துவிட்டு ஆறு மாதம் வானத்தைப் பார்ப்பது சூதாட்டம். கடனை அடைக்க வேண்டிய அளவை அறுவடையிலேயே விற்று, மிச்சத்தை இரண்டு மூன்று தடவையாக இறக்குவதுதான் சிறு விவசாயிக்குத் தாங்கும்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இளையான்குடி 1985-ல் புது மாவட்டம் பிரியும் வரை பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. கண்மாய்க்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே கரிசல், ஒரே காய். இருந்தாலும் பொட்டலத்தில் அந்தப் பெயரை அச்சடிக்கும் முன், தங்கள் ஊர் குறியீட்டின் எல்லைக்குள் வருகிறதா என்று பார்த்து, அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதியாமல் பெயரைப் போடுவது சட்டப்படி வம்பு. இதை மகளிர் குழுவாகவோ உற்பத்தியாளர் நிறுவனமாகவோ செய்தால் செலவு பங்காகிவிடும். காரைக்குடியில் சுற்றுலா வருகிறவர்கள் ஆத்தங்குடிக் கல்லும் கண்டாங்கிச் சேலையும் வாங்கிக்கொண்டு, மசாலாப் பொட்டலமும் தேடுகிறார்கள். அதில் எத்தனை பொட்டலத்துக்குள் இளையான்குடி வத்தல் இருக்கிறது என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வாங்கி, நன்றாகக் காய்ந்த குண்டு வத்தலைக் காம்பு கிள்ளிக் கால் கிலோ பையில் ஊர்ப் பெயரோடு போட்டால், அங்கே நேராக வைக்கலாம். மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் சந்தைக்கு, சரக்கு வெளியூர் மண்டிகளைச் சுற்றித் திரும்பி வர வேண்டியதில்லை.

சாலைக்கிராமம் பக்கத்துக் களங்களில் பங்குனி மாலை ஐந்து மணிக்கு மேல் வேலை மும்முரமாகும். பலகையால் வத்தலைத் தள்ளிக் குவிக்கும் சத்தம் மணல் சரிவதைப் போலக் கேட்கும். தும்மல் ஒரு வீட்டில் தொடங்கித் தெரு முழுக்கப் போகும். குவியலுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்னக் கூறு இருக்கும். இரண்டாம், மூன்றாம் பறிப்பில் நல்ல செடியாகப் பார்த்து எடுத்த பழம். அதை மட்டும் விற்பதற்கு யாரும் தொடுவதில்லை. "அயித்தை, இதையும் சேத்து மூடவா?" என்று மருமகள் கேட்டால், "அது விதைக்கு, தனியாத்தான் இருக்கணும்" என்று பதில் வரும். தார்ப்பாயின் நாலு மூலையிலும் கல்லை வைத்துவிட்டு, விதைக் கூறை மட்டும் முறத்தோடு வீட்டுக்குள் எடுத்துப் போகிறார்கள்.